கொழும்பு நகரின் நத்தார்ச் சந்தை: ஒரு வரலாற்று நோக்கு

திருவிழா நடைபெறும் இடத்தில் அங்காடி தோன்றுவதும், அங்காடி நிலைபெற்ற இடத்தில் திருவிழா வளர்ச்சியடைவதும் உலக வரலாற்றிற் பரவலாகக் காணப்படும் நிகழ்ச்சிகளாகும். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, விழாவைக் கூறப் புகுமுன் புகார் நகரின் வணிக வீதிகளையும் அங்குக் கலந்து வாழ்ந்த பிறநாட்டு வணிகரையும் விரிவாக எடுத்துரைக்கின்றது. விழாவிற் பலி பெறும் காவற் பூதம் நாளங்காடியிலேயே இடங்கொண்டிருக்கின்றது. மதுரைக்காஞ்சியும் நாளங்காடி, அல்லங்காடி என்னும் இருவகைக் கடைகளை விழாக்களின் ஆரவாரத்தோடு சேர்த்தே பேசுகின்றது. ஐரோப்பிய மொழிகளும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றன. ஜேர்மன் மொழியில் 'மெஸ்ஸே' என்னும் ஒரே சொல் ஆலயப் பூசையையும் வணிகக் கண்காட்சியையும் குறிக்கின்றது. பூசை முடிந்து வெளியே வரும் மக்களை எதிர்பார்த்து ஆலய முற்றத்திற் கடை விரித்த வணிகரின் வழக்கமே அச்சொல்லுக்கு இரண்டாவது பொருளை ஈந்தது.

கொழும்பு நகரில் ஆண்டுதோறும் டிசெம்பர் மாதத்திற் புறக்கோட்டையின் பிரதான வீதியிலும் அதனை ஊடறுக்கும் குறுக்குத் தெருக்களிலும் பெருகும் நத்தார் வியாபாரம் இவ்வகையில் ஆராயத்தக்க ஒன்றாகும். அதற்குத் தொடக்க ஆண்டெனக் குறிக்கத்தக்க ஓர் ஆண்டு இல்லை. அதனைத் தோற்றுவித்த அரசாணையோ சாசனமோ இல்லை. ஆயினும் அது நாலரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கிறித்தவ வரலாற்றையும், அதனினும் பழைமை வாய்ந்த துறைமுக வணிகத்தையும் தன்னகத்தே கொண்டுள்ளது. இதன் தனித்தன்மையை விளங்கிக்கொள்வதற்கு, நத்தார்ச் சந்தையின் தாயகமெனக் கருதப்படும் ஜேர்மனிய நகரங்களின் வரலாற்றோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையதாகும்.

ஜேர்மனியின் பழைமையான நத்தார்ச் சந்தைகளுள் ஒன்று திரெஸ்டன் நகரத்துச் சந்தையாகும். நத்தாருக்கு முந்திய திங்கட்கிழமையில் ஒருநாள் இறைச்சிச் சந்தை நடத்துவதற்கு 1434ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட அனுமதியிலிருந்து அது வளர்ந்தது. நத்தாரை முன்னிட்ட நோன்புக்காலம் முடிந்ததும் மக்களுக்கு இறைச்சி கிடைக்க வேண்டும் என்பதே அன்றைய தேவை. விளையாட்டுப் பொருள்களும் இனிப்புகளும் பிற்காலத்திற் சேர்ந்தவையே. நூரம்பேர்க் நகரத்துச் சந்தையைப் பற்றிய மிகப் பழைய சான்று 1628ஆம் ஆண்டுக்குரியது. 1737ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றின்படி, ஏறத்தாழ 140 பேர் அங்குப் பொருள் விற்கும் உரிமை பெற்றிருந்தனர். பொம்மை செய்வோர், தச்சர், தகர வேலை செய்வோர், 'லெப்கூக்கன்' எனப்படும் வாசனைத் தின்பண்டம் செய்வோர் என நகரத்துத் தொழிற்குழுக்கள் பலவும் அச்சந்தையிற் பங்குகொண்டன. லெப்கூக்கன் செய்வோர் 1643ஆம் ஆண்டிலேயே தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர்.

மார்ட்டின் லூதரின் சீர்திருத்தமும் இச்சந்தையின் வளர்ச்சிக்குத் துணைபுரிந்தது. புனிதர் வழிபாட்டை ஏற்காத லூதர், டிசெம்பர் 6ஆம் நாட் புனித நிக்கலஸ் பெயராற் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை நத்தாரோடும் குழந்தை இயேசுவோடும் இணைத்தார். பரிசு வழங்கும் நாள் மாறவே, பரிசு வாங்கும் நாளும் மாறியது. நத்தாருக்கு முந்திய வாரங்கள் வணிகர்க்குரிய வாரங்களாயின. நூரம்பேர்க் சந்தைக்குக் 'குழந்தை இயேசுவின் சந்தை' என்னும் பொருளுடைய பெயர் வழங்குவதற்கும் இதுவே காரணமாகும்.

இவ்வாறு நோக்கின், ஜேர்மனியச் சந்தை நகராட்சியின் பாதுகாப்பில் நகரத்தார் தமக்கென அமைத்துக்கொண்ட ஒன்று என்பது புலனாகும். யார் விற்கலாம் என்பதை நகரசபை வரையறுத்தது. வரையறை என்பது ஒருபுறம் பாதுகாப்பு, மறுபுறம் விலக்கு. இவ்விலக்கின் கொடுமையை நூரம்பேர்க் சந்தைச் சதுக்கத்தின் வரலாறே உணர்த்துகின்றது. இன்று சந்தை கூடும் அச்சதுக்கம் யூதர்கள் வாழ்ந்த பகுதியாக இருந்தது. 1349ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அக்குடியிருப்பு அழிக்கப்பட்டு, 500க்கும் மேற்பட்ட யூதர் கொல்லப்பட்டனர். அவர்களின் தொழுகைக்கூடம் நின்ற இடத்தில் மரியன்னை ஆலயம் எழுப்பப்பட்டது. வீடுகள் நின்ற நிலம் சந்தைவெளியாயிற்று. 1499ஆம் ஆண்டளவில் எஞ்சிய யூதரும் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கு அவர்கள் குடியேற முடியவில்லை. 1898ஆம் ஆண்டில் அச்சதுக்கத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றப்பட்ட நத்தார்ச் சந்தையை, 1933இல் ஆட்சிக்கு வந்த நாசிகள் மீண்டும் அங்குக் கொணர்ந்து, தமது இனவாதப் பெருமிதத்தின் காட்சிக்கூடமாக்கினர். போர்க்காலத்திற் சந்தை நின்றுபோனது. 1945 ஜனவரி 2ஆம் நாட் குண்டுவீச்சிற் பழைய நகரமே அழிந்தது. இடிபாடுகளிடையே 1948இற் சந்தை மீண்டும் தொடங்கியது. அழகிய சந்தையொன்று நல்லிணக்கத்துக்குத் தானே உறுதியளிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நூரம்பேர்க்கையும் கொழும்பையும் இணைக்கும் பழைய இழையொன்றும் உண்டு. அது கறுவா மணம் வீசும் இழையாகும். லெப்கூக்கனுக்கு மணமூட்டும் கறுவா, கராம்பு, ஏலம் ஆகியன ஐரோப்பாவில் விளைவன அல்ல. கீழைத்தேயத்து வாசனைத் திரவியங்கள் வந்துசேரும் வணிகப் பாதைகளின் சந்தியில் நூரம்பேர்க் அமைந்திருந்தமையே அத்தின்பண்டம் அங்குச் சிறப்புற்றமைக்கு ஒரு காரணமாகும். 1505ஆம் ஆண்டிற் பிரான்சிஸ்கோ டி அல்மேதாவின் தலைமையில் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துக்கேயக் கப்பற்படையில் அவுக்ஸ்பேர்க், நூரம்பேர்க் நகர வணிகர்கள் முதலீடு செய்திருந்தனர். அந்த அல்மேதாவின் மகனாகிய லொரென்சோ டி அல்மேதாவே 1505ஆம் ஆண்டில், அல்லது சில வரலாற்றாசிரியர் கருதுமாறு 1506ஆம் ஆண்டில், கொழும்புக் கரையை அடைந்தவர். ஆகவே, ஜேர்மனிய நத்தாரின் வாசனைக்கும் ஈழத்து நத்தாரின் தோற்றத்துக்கும் மூலமாக அமைந்தது ஒரே வணிகமே எனலாம்.

போர்த்துக்கேயர் கறுவாவைத் தேடி வந்தனர். சமயத்தையும் உடன் கொணர்ந்தனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தமிழகத்தார் வழங்காத 'நத்தார்' என்னும் பெயர் ஈழத்தில் வேரூன்றியமைக்குப் போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்னும் சொல்லே காரணமாகும். சிங்களத்திலும் அதுவே 'நத்தல்' என வழங்குகின்றது. கடைத்தெருவின் சொற்களும் இவ்வரலாற்றைக் காட்டுவன. பாண், விசுக்கோத்து, சப்பாத்து, அலுமாரி ஆகியன போர்த்துக்கேயர் வழிவந்தவை. கூவி விற்கும் ஏலமும் அவர்தம் மொழியிலிருந்து வந்ததே. கந்தோர், துட்டு, போஞ்சி ஆகியன ஒல்லாந்தர் தந்தவை. ஆட்சி மறைந்த பின்னும் அங்காடியின் மொழி மறைவதில்லை.

1656ஆம் ஆண்டிற் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பதும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சீர்திருத்தச் சபைக்கென வுல்வெண்டால் குன்றில் 1749 முதல் 1757 வரை கட்டப்பட்ட பெருங்கோயில் இன்றும் புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே உயர்ந்து நிற்கின்றது. அதே காலத்திற் கத்தோலிக்க மக்களின் நத்தார் மறைவான வீடுகளில் நடைபெற்றது. 1687இற் கூலியாள் வேடத்தில் ஈழத்துக்கு வந்த கோவைக் குரு யோசப் வாஸ் அடிகளாரும் அவரைத் தொடர்ந்தோரும் அச்சமயத்தை அழியாது காத்தனர். அவர் 2015 ஜனவரியிற் கொழும்பிலேயே புனிதராக அறிவிக்கப்பட்டார். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தின் தோற்றம் பற்றிய மரபுக்கதையும் இங்கு நினைவுகூரத்தக்கது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குரு, வணிகர் கோலத்தில் மறைந்து வாழ்ந்து அங்குச் சிறு ஆலயமொன்றை நிறுவினார் என அது கூறுகின்றது. கதையின் நுணுக்கங்கள் எவ்வாறாயினும், ஊரின் பெயரிற் கொச்சியும் கடையும் இணைந்து நிற்கின்றன. வழிபாடு தடைசெய்யப்பட்ட காலத்தில் வணிகமே அதற்குப் போர்வையாயிற்று என்பதே மக்கள் நினைவிற் பதிந்த செய்தியாகும்.

ஒல்லாந்தர் காலத்திற் கோட்டைக்கு வெளியே வளர்ந்த நகர்ப்பகுதியே பின்னர் ஆங்கிலேயராற் 'பெட்டா' என அழைக்கப்பட்டது. அச்சொல் தமிழ்ப் 'பேட்டை'யின் திரிபே. தமிழர் தாமே அதனைப் புறக்கோட்டை என வழங்கலாயினர். அதன் எல்லையில் உள்ள கைமன் வாசலில் இன்றும் காணப்படும் மணி, கோட்டை இராசதானியிலிருந்த போர்த்துக்கேய ஆலயம் ஒன்றுக்கு உரியதெனக் கூறப்படுகின்றது. ஆலய மணி அங்காடியின் வாயிலில் தொங்குவது இவ்வூரின் வரலாற்றுக்கு ஓர் அடையாளமெனக் கொள்ளத்தக்கது.

1796இற் கொழும்பு பிரித்தானியர் வசமாயிற்று. 1806இற் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீக்கப்பட்டன. மறைவில் இருந்த நத்தார் வீதிக்கு வந்தது. ஆயினும் அது வந்த வீதிகள் இரண்டாகும். ஒன்று கோட்டைப் பகுதி. அங்கு 1906இல் எழுப்பப்பட்ட காகில்ஸ் நிறுவனத்தின் செந்நிறக் கட்டடம் போன்ற பெருங்கடைகளிற் கப்பலில் வந்திறங்கிய பொருள்களை ஐரோப்பியரும் உயர்குடியினரும் வாங்கினர். மற்றையது புறக்கோட்டை. அங்குக் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கொச்சிக்கடை ஆகிய இடங்களின் மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் சிறு ஊழியரும் தமது பிள்ளைகளுக்குப் புத்தாடை தேடினர். 1908இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் டிசெம்பர்த் தொடக்கத்திற் சிறுவர்க்கெனப் புனித நிக்கலஸ் விழாவை நடத்தியது. லூதர் நாள் மாற்றிய அவ்விழா, ஒல்லாந்தர் வழிவந்தோரின் வாயிலாகக் கொழும்பில் வாழ்ந்தமை வியப்புக்குரியது.

புறக்கோட்டைச் சந்தையின் அமைப்பே இங்கு முக்கியமானது. நத்தாருக்குத் துணி விற்போர் பெரும்பாலும் முஸ்லிம் வணிகரும் இந்திய வணிகருமாவர். நகை வாங்குவோர் செட்டியார் தெருவை நாடுவர். அங்குக் கடை நடத்துவோரிற் பலர் சைவர். நடைபாதையிற் கடதாசி நட்சத்திரமும் பட்டாசும் விளையாட்டுப் பொருள்களும் விற்போருட் சிங்கள பௌத்தரும் உளர். மலைநாட்டுத் தமிழரும் உளர். வாங்குவோரும் கிறித்தவர் மட்டுமல்லர். நத்தார்க் கேக்கிற் சேரும் பொருள்களே இக்கலப்பைக் காட்டுகின்றன. ரவை, மரமுந்திரிகை, நீற்றுப்பூசணிப் பாகு, கறுவா, ஏலம் என உள்ளூர்ப் பொருள்கள் ஐரோப்பிய வடிவத்தில் ஒன்றுசேர்கின்றன. 'லவ் கேக்' எனப்படுவது போர்த்துக்கேயத் தொடர்புடையது; 'புரூடர்' ஒல்லாந்தருடையது. கொக்கிஸ் என்னும் பலகாரமோ ஒல்லாந்தர் பெயரைத் தாங்கியவாறே சிங்கள மக்களின் புத்தாண்டுப் பண்டமாகிவிட்டது. நூரம்பேர்க்கில் நகரத்தார் தமக்குத் தாமே விற்றனர். கொழும்பிலோ ஒரு சமயத்தாரின் விழாவை ஏனைய சமயத்தார் யாவரும் கூடி ஒப்பனை செய்தனர்.

இது நத்தாருக்கு மட்டும் உரிய இயல்பன்று. 1874ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் ஆடிவேல் விழாவிற் செட்டியார் தெருவிலிருந்து வேல் இரதம் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளுக்குச் செல்லும்போது, வீதியோரம் எங்கும் கடைகள் எழுந்தன. கரும்பும் கடலையும் வளையலும் ஊதற்குழலும் வாங்கச் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் கூடினர். வேல் விழாவின் கரும்பை அறியாத கொழும்புச் சிறுவர் இலர் என்னும் அளவுக்கு அது நகரத்தின் பொதுவிழாவாயிற்று. வெசாக் காலத்துக் கூடுகளும் நோன்புப் பெருநாட் கடைகளும் அவ்வாறே. கோயிலுக்குள் நுழையாத அயலாரும் கோயில் வீதியின் கடைக்கு வருவர். நம்பிக்கையிற் பங்கு கொள்ளாதவர் கொண்டாட்டத்திற் பங்கு கொள்ளும் வாயில் சந்தையே.

எனினும் இவ்வரலாற்றை இனிமையானதாக மட்டும் எழுதிவிட இயலாது. சாசனம் எதுவுமின்றி வளர்ந்த சந்தைக்கு அரணும் எதுவும் இல்லை; அயலார் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கை ஒன்றே அதன் அரண். அந்நம்பிக்கை உடைந்த நாள்களைக் கொட்டாஞ்சேனை அறியும். 1883 மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, பௌத்த ஊர்வலமொன்று கத்தோலிக்கப் பேராலயத்துக்கு அருகே செல்கையிற் கலகம் மூண்டது. அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1885இல் வெசாக் நாள் பொது விடுமுறையாயிற்று. விழாக்கள் மக்களை இணைப்பது போலவே பிரிக்கவும் வல்லன என்பதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.

1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நத்தார்க் கடைகளை வறுமைப்படுத்தின. உலர்ந்த பழங்களும் வெளிநாட்டு விளையாட்டுப் பொருள்களும் அரிதாயின. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் நடைபாதைகளை மீண்டும் நிரப்பியது. பொருட்பஞ்சத்தைச் சந்தை தாங்கியது. ஆனால் 1983 யூலையில் நிகழ்ந்தது வேறு. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன, தமிழர் பலர் கொல்லப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் அகதிகளாயினர். நகரின் எல்லா விழாக்களுக்கும் பொருள் தந்த கடைகள் அவை. நத்தாருக்குத் துணி வாங்கிய கடையும் புத்தாண்டுக்குப் பலசரக்கு வாங்கிய கடையும் சாம்பராயின. காலி வீதியில் ஆடிவேலும் சிலகாலம் தடைப்பட்டது. சந்தையில் அன்றாடம் முகம் பார்த்துப் பேரம் பேசிய பழக்கம், கும்பலின் கையிற் பெயர்ப்பட்டியல் இருந்தபோது பயன்படவில்லை.

2019 ஏப்பிரல் 21ஆம் நாள், மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயமும் நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களும் கொழும்பு விடுதிகளும் தற்கொலைக் குண்டுதாரிகளாற் தாக்கப்பட்டன. 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செவ்வாய்க்கிழமைகளிற் பிற சமயத்தாரும் திரளும் ஆலயம் அது. தொடர்ந்து வந்த வாரங்களில் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்குமாறு பிரசாரம் செய்யப்பட்டது. மே மாதத்திற் சில ஊர்களில் அக்கடைகள் தாக்கப்பட்டன. குற்றம் புரியாத வணிகர் குற்றவாளிகளின் சமயத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டனர். ஜேர்மனியும் இத்தகைய துயரத்துக்கு விலக்கன்று. 2016 டிசெம்பர் 19இற் பேர்லினிலும் 2024 டிசெம்பர் 20இல் மக்டபேர்க்கிலும் நத்தார்ச் சந்தைகளுக்குள் வாகனங்கள் செலுத்தப்பட்டுப் பலர் கொல்லப்பட்டனர். 2019இல் நூரம்பேர்க் சந்தையைத் தொடக்கிவைக்கும் 'குழந்தை இயேசு'வாக, இந்தியத் தந்தைக்குப் பிறந்த அந்நகர மாணவியொருத்தி தெரிவு செய்யப்பட்டபோது, தீவிர வலதுசாரியினர் அவள் தோற்றத்தை இழித்துரைத்தனர். நகர மக்கள் பெருந்தொகையினர் அவள் பக்கம் நின்றனர். யூதர் குடியிருப்பை அழித்து அமைத்த சதுக்கத்தில் ஆறரை நூற்றாண்டின் பின் எழுந்த வினாவும் பழைய வினாவே: இச்சந்தை யாருக்கு உரியது?

கொழும்பின் வரலாறு அவ்வினாவுக்குத் தரும் விடை தெளிவானது. நத்தார்ச் சந்தை கிறித்தவர்க்கு மட்டும் உரியதாக இருந்திருப்பின், புறக்கோட்டையில் அது தோன்றியே இராது. நெய்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர், உடுத்தவர் ஒருவர் என்னும் பிணைப்பே அதனை உருவாக்கியது. இப்பிணைப்பு அன்பினால் மட்டும் வந்ததன்று, இலாபத்தினாலும் வந்தது. ஆனால் இலாபம் கருதி வந்தவனும் அயலானின் விழா நாளை நினைவில் வைத்திருக்கின்றான். அவனுடைய பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்திருக்கின்றான். அச்சிறு அறிவு நாட்டின் அரசியலில் அருகிவிட்ட ஒன்றாகும்.

ஈழத்து வரலாற்றாய்வு அரசரையும் ஆளுநரையும் ஆலயத்தையும் போதியளவு ஆராய்ந்துள்ளது. அங்காடியை அவ்வாறு ஆராயவில்லை. செட்டியார் தெருவின் கணக்கேடுகளும், கொட்டாஞ்சேனை ஆலயங்களின் பதிவேடுகளும், மாநகரசபையின் சந்தை ஆவணங்களும், நடைபாதை வணிகரின் வாய்மொழிச் செய்திகளும் ஒருங்கே தொகுக்கப்படல் வேண்டும். 1983இல் எரிந்த கடைகளோடு அவற்றின் ஏடுகளும் எரிந்தன. எஞ்சியவை முதியோரின் நினைவிலேயே உள்ளன. அந்நினைவுகளைக் காலம் தாழ்த்தாது பதிவு செய்வது பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். சாசனம் பெற்ற சந்தைக்குச் சாசனமே வரலாறு சொல்லும். சாசனமில்லாச் சந்தைக்கு வரலாறு சொல்ல அங்குக் கடை வைத்தவரும் பொருள் வாங்கியவருமே உளர்.